எட்வர்டுக்கு ஒரு கடிதம்

கையேட்டின் நடுவில் ஓர் இடம் வருகிறது. வாசகர் அதுவரை சொன்னபடியெல்லாம் செய்திருக்கிறார். மென்பொருளை நிறுவியாயிற்று, சாவிகளை உண்டாக்கியாயிற்று, எட்வர்ட் என்பவருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று. இனிப் பதில் வரவேண்டும். பதில் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம், அதற்குள் வேண்டுமானால் முன்னே போய் இனி வரும் பகுதி ஒன்றைப் படித்துப் பாருங்கள் என்கிறது கையேடு.

இந்த ஒரு வரிக்காகவே அதை எழுதியவர்களுக்கு ஒரு வணக்கம் போடலாம். மூன்று நிமிடம் திரை அசையாமல் இருந்தால் புதிதாக வந்தவர் என்ன நினைப்பார்? எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். கணினியை மூடிவிட்டு எழுந்து போவார். பிறகு திரும்ப மாட்டார். அந்த நிமிடங்களில் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைப்பது, பக்கத்தில் இருந்து சொல்லித் தரும் ஆசிரியர் செய்கிற காரியம். அதை எழுத்தில் செய்திருக்கிறார்கள்.

'இமெயில் செல்ஃப்-டிஃபென்ஸ்' என்பது அந்தக் கையேட்டின் பெயர். மின்னஞ்சல் தற்காப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பாஸ்டனைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2014 ஜூன் 5 அன்று இதை வெளியிட்டது. மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் மென்பொருளை முன்பின் பார்த்திராதவர் அதை நிறுவி, முதல் கடிதத்தைப் பூட்டி அனுப்பி, பூட்டிய பதில் ஒன்றைத் திறந்து படிக்கும்வரை கூட்டிப் போவது அதன் வேலை. இணைய இணைப்புள்ள கணினி, மின்னஞ்சல் கணக்கு, சுமார் 40 நிமிடம், இவ்வளவுதான் அது கேட்கும் முதலீடு. எட்வர்ட் மனிதர் இல்லை. வந்த கடிதத்தைத் திறந்து பார்த்துத் தானாகப் பதில் போடும் நிரல். அந்தப் பெயரைக் கேட்டதும் எட்வர்ட் ஸ்னோடன் நினைவு வருவதைத் தடுக்க முடியாது. அவர் கதைக்குப் பிறகு வருவோம்.

விரைவுக் கையேடு என்பது தனி எழுத்து வகை. மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஒற்றைத் தாள் முதல், கைப்பேசியோடு வரும் சின்னப் புத்தகம் வரை எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆனால் மறைகுறியாக்க மென்பொருளுக்கு எழுதப்படும் கையேடு இந்தக் குடும்பத்திலேயே கடினமான பிள்ளை. காரணம் எளிமையானது. மிக்சி ஜாடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஓடாது, தவறு அந்தக் கணமே தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. கடிதம் பூட்டாமலே போனாலும் 'அனுப்பப்பட்டது' என்றுதான் திரை சொல்லும். பூட்டிய கடிதம் போய்ச் சேர்வதைப் போலவே பூட்டாத கடிதமும் அழகாகப் போய்ச் சேரும். தவறும் வெற்றியும் ஒரே முகத்தோடு நிற்கிற இடத்தில், எது எது என்று புதியவருக்கு அடையாளம் காட்ட வேண்டியது எழுத்தாளர் பொறுப்பு.

இன்னொரு கஷ்டமும் உண்டு. கையேட்டைப் படிப்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கடிதமோ இருவர் வேலை. அனுப்புகிறவர் எவ்வளவு கற்றுக்கொண்டாலும் பெறுகிறவரிடம் சாவி இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. தனியே படிக்கும் ஒருவருக்கு, இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய காரியத்தை எப்படிச் சொல்லித் தருவது? இந்தக் கையேடுகளின் முப்பது ஆண்டுக் கதையே இந்தக் கேள்வியோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

கதை 1991 ஜூனில் தொடங்குகிறது. ஃபில் சிம்மர்மன் என்ற அமெரிக்க மென்பொருளாளர் 'பிரிட்டி குட் பிரைவசி', சுருக்கமாகப் பி.ஜி.பி. என்ற நிரலை இலவசமாக வெளியிட்டார். அரசுகளிடமும் ராணுவங்களிடமும் மட்டுமே இருந்த வலுவான மறைகுறியாக்கம் வீட்டுக் கணினிக்கு வந்தது. வெளிநாடுகளுக்கும் பரவியது. அனுமதியில்லாமல் ஆயுதம் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் விதிகளின் கீழ் அமெரிக்கச் சுங்கத்துறை 1993-ல் அவர்மேல் விசாரணை தொடங்கியது. மூன்று ஆண்டு இழுத்து, 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே கைவிட்டது. இந்த வீரக்கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நிரலோடு சேர்ந்து வந்த பயனர் கையேட்டைப் பற்றிச் சொன்னவர்கள் குறைவு.

சிம்மர்மன் அதை இரண்டு பாகமாகப் பிரித்தார். முதல் பாகம் அவசியமானவை, இரண்டாம் பாகம் சிறப்புத் தலைப்புகள். இந்தப் பிரிவிலேயே ஒரு எழுத்தாளரின் கை தெரிகிறது. முதல் பாகத்தைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம், மற்றதற்கு அப்புறம் வரலாம். எதற்கு இந்த மென்பொருள் என்று விளக்க அவர் எடுத்த உவமை அஞ்சலட்டை. சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிற மனிதர்கூடத் தன் கடிதங்களையெல்லாம் அஞ்சலட்டையில் எழுதிவிடுவதில்லை, உறைக்குள் போட்டுத்தான் அனுப்புகிறார் என்பது அவருடைய வாதம். முப்பது ஆண்டுக்குப் பிறகும் பல கையேடுகள் இந்த உவமையைத் தொட்டே தொடங்குகின்றன. இன்லண்ட் லெட்டரின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டிப் பழகிய தலைமுறைக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதும் இல்லை.

அந்தக் கையேட்டில் ரசிகர்கள் தேடிப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. போலி மறைகுறியாக்க மென்பொருள்களிடம் ஏமாறாதீர்கள் என்று எச்சரிக்கும் பகுதி. சிம்மர்மன் அங்கே தன் கல்லூரி நாள் அனுபவத்தைச் சொல்கிறார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவரே ஒரு மறைகுறியாக்க முறையைக் கண்டுபிடித்து, இதை உடைக்க யாராலும் முடியாது என்று பூரித்துப் போயிருக்கிறார். பல ஆண்டு கழித்து அதே முறை பாடப்புத்தகங்களில் இருப்பதைப் பார்த்தார். எப்படிச் சுலபமாக உடைப்பது என்று மாணவர்களுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடமாக! தன் பொருளை நம்பச் சொல்லும் கையேட்டிலேயே, இத்துறையில் தன்னம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தன்னையே சாட்சியாக நிறுத்துகிறார். தன் மென்பொருள் எந்தெந்த வழிகளில் தோற்கலாம் என்பதற்கும் தனிப் பகுதி எழுதியிருக்கிறார். விற்பனைத் துண்டறிக்கைக்கும் கையேட்டுக்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆனால் அது விரைவுக் கையேடு இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களுக்கானது. பொத்தான்களும் படங்களுமாக, பார்த்ததும் புரியும் என்று நம்பப்பட்ட வடிவில் பி.ஜி.பி. 5.0 வந்தபோது நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறியதா என்று பார்க்கத்தான் ஆல்மா விட்டன், டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 1999-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை, ஜானியால் ஏன் மறைகுறியாக்க முடியவில்லை என்று தலைப்பிலேயே கேட்டது. இத்துறையில் கையேடு எழுத உட்காரும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.

மின்னஞ்சல் பழக்கமுள்ள பன்னிரண்டு பேரை அழைத்து, ஆளுக்கு 90 நிமிடம் கொடுத்தார்கள். ஒரு தேர்தல் பிரசாரக் குழுவில் வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள், பயணத் திட்டத்தைக் குழுவினருக்கு ரகசியமாக அனுப்ப வேண்டும் என்பது பணி. கையொப்பமிட்டு, பூட்டி, ஒழுங்காக அனுப்ப முடிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு பேர்தான். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பினார்கள். அதில் ஒருவர் பூட்டுவது திரைக்குப் பின்னால் தானாக நடந்திருக்கும் என்று நம்பிவிட்டார். தவறும் வெற்றியும் ஒரே முகத்தோடு நிற்கும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

அதைவிடப் பாடம் சொல்லும் எண் இன்னொன்று. பன்னிரண்டில் ஏழு பேர் குழுவினருக்குப் போகும் கடிதத்தைத் தங்கள் சொந்தச் சாவியால் பூட்டினார்கள். அதாவது தாங்கள் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியில் வைத்து அடுத்தவருக்கு அனுப்பினார்கள். முட்டாள்தனம் என்று இதைச் சொல்லவே கூடாது. வாழ்க்கை முழுக்க மனிதர் தன் பெட்டியைத் தன் சாவியால்தான் பூட்டுகிறார். அடுத்தவர் சாவியால் பூட்டும் பழக்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

இங்கேதான் உவமையின் கூர்மை தேவைப்படுகிறது. இந்த மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் சாவி இரண்டு. பொதுச் சாவி ஊருக்கே கொடுக்கலாம். தனிச் சாவி கையைவிட்டுப் போகக்கூடாது. முதலாவதால் பூட்டியதை இரண்டாவதால் மட்டுமே திறக்க முடியும். இதில் 'பொதுச் சாவி' என்ற பெயரே புதியவரைக் குழப்புகிறது. செய்யும் வேலையைப் பார்த்தால் அது சாவி இல்லை, பூட்டு. திறந்த நிலையில் ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கும் பூட்டு. யார் வேண்டுமானாலும் அழுத்தி மூடலாம், உடையவர் மட்டும் திறப்பார். ஜெர்மனியில் உருவான 'ஜி.பி.ஜி.ஃபார்வின்' தொகுப்பின் கையேடு இதைத் தானாகப் பூட்டிக்கொள்ளும் இரும்புப் பெட்டியாக விளக்குகிறது. கதவைச் சாத்தினால் போதும், சாவி வேண்டாம். திறக்க மட்டும்தான் சாவி. பாஸ்டன் கையேடு வேறு வழியில் போகிறது. பொதுச் சாவியைக் கதவுச் சாவியாக எண்ணாதீர்கள், தொலைபேசிப் புத்தகத்தில் இருக்கும் எண்ணைப் போல ஊரறியக் கிடப்பது என்று சொல்லிவிட்டு, தனிச் சாவிக்கு மட்டும் உண்மைச் சாவி என்ற அந்தஸ்தைத் தருகிறது. இரண்டில் இரும்புப் பெட்டியே ஒரு படி மேல். தொலைபேசி எண் ஒருவரைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர எதையும் மூடாது.

தமிழில் யாராவது இப்படியொரு கையேடு எழுத உட்கார்ந்தால் இந்த இடத்தில் ஒரு வசதி காத்திருக்கிறது. திண்டுக்கல் பூட்டு என்று சொன்னாலே கைக்கு அதன் கனம் தெரிகிற வாசகர்கள் இருக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடும் பெற்ற பூட்டு அது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு திறந்த பூட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்ட ஆசாமியை ஒரு வரியில் வரைந்துவிடலாம். பிறகு 'விசை' என்று கலைச்சொல் பட்டியல் சொன்னாலும் சாவி, பூட்டு என்றே எழுதிக்கொண்டு போகலாம். விசை என்றதும் விசைப்பலகைதான் நினைவு வரும்.

பூட்டு உவமைக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல கையேடு எழுதுபவர் எந்த இடத்தில் உவமையைக் கீழே வைக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர். கையொப்பம் வரும்போது பூட்டு உதவாது. கையொப்பத்தில் தனிச் சாவிதான் முன்னால் வேலை செய்கிறது, பொதுச் சாவியைக் கொண்டு மற்றவர்கள் சரிபார்க்கிறார்கள். பி.ஜி.பி. 5.0 இதற்கு இறகுப் பேனாவின் முனையைப் படமாகப் போட்டது. அந்தப் பேனாவுக்கும் சாவிக்கும் என்ன உறவு என்று படத்தைப் பார்த்தால் தெரியாது என்று விட்டனும் டைகரும் குறை சொன்னார்கள். தமிழ்க் கையேட்டுக்காரருக்கு இங்கே கணையாழி கை கொடுக்கும். அசோகவனத்தில் வந்து நிற்பவன் ராமதூதன்தானா என்ற சந்தேகம் சீதைக்கு வருகிறது. மோதிரத்தை அனுப்பக்கூடியவர் ஒருவர்தான், அதை அடையாளம் கண்டுகொள்ள அவளால் முடியும். கையொப்பம் என்பது இதுதான். பதிலுக்கு அவள் கொடுத்தனுப்பும் சூடாமணி மறுமுனையிலிருந்து வரும் கையொப்பம்.

இனி ஸ்னோடன். ஒரு விரைவுக் கையேட்டின் மேல் உலக வரலாறே தொங்கிக்கொண்டிருந்த சம்பவம் அது.

2012 டிசம்பர் 1 அன்று, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் வசித்த பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சின்சினாட்டஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர், முக்கியமான விஷயம் பேச வேண்டும், முதலில் பி.ஜி.பி. நிறுவிக்கொள்ளுங்கள் என்றார். கிரீன்வால்ட் வேலை நெருக்கடியில் தள்ளிப் போட்டார். அந்த மனிதர் படிப்படியான குறிப்புகளை எழுதி அனுப்பினார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பத்திரிகையாளர்களுக்காகவே பத்துப் பன்னிரண்டு நிமிட விளக்கப் படம் ஒன்றைத் தயாரித்து, தன் இயல்பான குரல் தெரியாதபடி மாற்றி அனுப்பினார். எந்த மென்பொருளை இறக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அப்போதும் நடக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசியங்களைக் கையில் வைத்திருந்த ஸ்னோடன், உலகிலேயே அவற்றைத் தெரிந்துகொள்ள ஆர்வம் மிகுந்த ஒருவருக்கு, ஒரே ஒரு வாசகருக்காக, தன் கையாலேயே கையேடு தயாரித்துத் தோற்றார். பிற்பாடு 2014-ல் வந்த தன் புத்தகத்தில் கிரீன்வால்ட் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

தோல்விக்குக் காரணம் சோம்பல் என்று முடித்துவிடுவது எளிது. கையேட்டுக் கலையின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்தப் படம் வாசகரைத் தனியே விட்டுவிட்டது. எல்லாவற்றையும் நிறுவி முடித்தால் உடனே என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. மறுமுனையில் இருப்பவர் யாரென்றும் தெரியாது, அவர் சொல்லவும் முடியாது. நாற்பது நிமிட உழைப்புக்குக் கூலியாக ஒரு சின்ன வெற்றிகூட அதில் வைக்கப்படவில்லை.

ஸ்னோடன் அடுத்ததாகப் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸை அணுக நினைத்தார். அவருடைய பொதுச் சாவியைத் தேடி, 2013 ஜனவரி 11 அன்று மைக்கா லீ என்ற தொழில்நுட்பவியலாளருக்கு எழுதினார். பூட்டிய கடிதம்தான். ஆனால் பதிலைப் பூட்டி அனுப்பத் தன் பொதுச் சாவியை இணைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்! சாவியை அனுப்புங்கள் என்று கேட்டு லீ பூட்டாத கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இத்தனை தேர்ந்த ஒருவரே இடறும் படி இது. அதனால்தான் பாஸ்டன் கையேட்டில் எட்வர்டோடு எழுதிப் பழகும் படி, பூட்டுவதற்கு முன்னால், உங்கள் சாவியை எட்வர்டுக்கு அனுப்புங்கள் என்று தொடங்குகிறதோ என்று தோன்றும். அந்த வரிசை தற்செயலாக அமைந்திருந்தாலும் சரியான வரிசை.

பிறகு இன்னொரு சிக்கல். பாய்ட்ரஸின் சாவி என்று வந்தது உண்மையிலேயே அவருடையதா? நடுவில் யாரோ மாற்றி வைத்திருந்தால்? ஒவ்வொரு சாவிக்கும் 'கைரேகை' என்று நாற்பது எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளம் உண்டு. ஜனவரி 28 அன்று லீ அந்தக் கைரேகையைத் தன் ட்விட்டர் கணக்கில் எல்லோரும் பார்க்கப் போட்டார். வேறு வழியில் வந்த அந்த அடையாளத்தோடு ஒப்பிட்டு ஸ்னோடன் உறுதி செய்துகொள்ளலாம். சாவி மாற்றும் மோசடியைப் பற்றிச் சிம்மர்மன் தொண்ணூறுகளிலேயே ஆலிஸ், சார்லி என்று பாத்திரங்களை வைத்துக் கதைபோல விளக்கியிருந்தார். ஆலிஸின் பெயரில் சார்லி ஒரு சாவியைச் செய்து வைத்துவிடுகிறான், நீங்கள் ஆலிஸுக்கென்று பூட்டுவதை அவன் திறக்கிறான். இருபது ஆண்டு கழித்து அந்தப் பாடம் நிஜ மனிதர்கள் கையில் நடந்தேறியது. அதே 2013 ஜூலையில் பத்திரிகைச் சுதந்திர அறக்கட்டளைக்காக லீ, 'என்கிரிப்ஷன் வொர்க்ஸ்' என்ற வழிகாட்டியை எழுதினார்.

அடுத்த ஆண்டு வந்தார் எட்வர்ட்.

எட்வர்டுக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. ஜெர்மன் தொகுப்பின் கையேட்டில் அடேல் என்ற நட்பான மின்னஞ்சல் இயந்திரம் இருந்தது. உங்கள் சாவியை அவளுக்கு அனுப்பினால் சாவி கிடைத்தது என்று பூட்டிய பதில் போடுவாள், தன் சாவியையும் சேர்த்து. அதை வைத்து அவளுக்குப் பூட்டி எழுதினால், நீங்கள் எழுதியதையே திருப்பிச் சொல்லி, திறந்து படித்துவிட்டேன் என்று நிரூபிப்பாள். மறைகுறியாக்கக் கையேடுகளின் வரலாற்றில் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஒரு புதிய வாக்கியமோ படமோ செய்ய முடியாததை இது செய்தது. தனியாக உட்கார்ந்திருக்கும் வாசகருக்கு இரண்டாம் ஆளைக் கொடுத்தது. அந்த ஆள் சலிப்பதில்லை. நடுநிசியிலும் பதில் போடுவாள். பத்து முறை தவறான சாவியை அனுப்பினாலும் முகம் சுளிக்க மாட்டாள். புதியவர் வெட்கப்படாமல் தவறு செய்ய ஓர் இடம் கிடைத்தது.

2015-ல் வந்த வேறொரு ஆய்வு இதன் அருமையை மறைமுகமாகக் காட்டியது. இம்முறை 'மெயில்வெலப்' என்ற புதுக் கருவி. ஆய்வாளர்கள் நண்பர்களை ஜோடி ஜோடியாக அழைத்தார்கள். பத்து ஜோடி. இருவருமே புதியவர்கள், இருவருமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். ஒரே ஒரு ஜோடிதான் முடித்தது. அதிலும் ஒருவருக்குப் பொதுச் சாவி என்றால் என்னவென்று முன்பே தெரியும். மறுமுனையில் ஆள் இருந்தால் மட்டும் போதாது, தவறாமல் சரியாக நடந்துகொள்ளும் ஆள் வேண்டும். முதல் பாடத்துக்கு எட்வர்ட் போன்ற துணை அதனால்தான் பொருத்தம்.

பாஸ்டன் கையேட்டின் மற்ற அழகுகள் அதன் விலக்கல்களில் இருக்கின்றன. உள்ளே கணிதம் எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பகா எண்கள் பெருக்கப்படுகின்றன என்பதெல்லாம் படிகளுக்குள் வருவதில்லை. 2012 அக்டோபரில் பெர்லினில் ஆர்வலர்கள் சிலர் கூடி மூன்று நாளில் 'கிரிப்டோபார்ட்டி' கையேட்டை எழுதினார்கள். சில நூறு பக்கம். அதன் வேகமும் ஈகையும் பிரமிக்க வைப்பவை. ஆனாலும் அலமாரியில் வைத்துத் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது. விரைவுக் கையேட்டின் நெருக்கம் வேறு. பயணத்தில் முதல் முறை ஊருக்கு வருபவருக்கு முழு வரைபடத்தைக் கொடுப்பதா, அல்லது அரசமரத்தடியில் இறங்கி இடது பக்கம் திரும்புங்கள் என்று சொல்வதா என்ற வித்தியாசம்.

விலக்கக் கூடாதவை சில உண்டு, அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் கை தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். கடிதத்தின் உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும் பல நிரல்களில் தலைப்பு வரி பூட்டப்படுவதில்லை என்பது அப்படியொன்று. இதைத் தொடக்கத்திலேயே சொன்னால் வாசகர் மறந்துவிடுவார், கடைசியில் சொன்னால் அதற்குள் ரகசியத்தைத் தலைப்பில் எழுதி அனுப்பியிருப்பார். எட்வர்டுக்குப் பூட்டிய கடிதம் எழுதும் படியில், தலைப்பு வரி திரையில் கண்முன் இருக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். பாஸ்டன் கையேடு அங்கேதான் சொல்கிறது. சாவி உண்டாகும் நேரத்திலும் இதே நுட்பம். கணினி யூகிக்க முடியாத எண்களைச் சேர்க்க நேரம் எடுக்கும். அதுவரை வேறு வேலை பாருங்கள், படம் பாருங்கள், கணினியை எவ்வளவு பயன்படுத்துகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் முடியும் என்றது கையேடு. தாமதம் என்று எரிச்சலாகத் தெரிந்தது வாசகரும் கைகொடுக்கும் வேலையாக மாறிவிடுகிறது. பி.ஜி.பி.யின் பழைய பதிப்பு விசைப்பலகையில் கண்டபடி தட்டச் சொன்னதும் இதற்காகத்தான், தட்டும் இடைவெளிகளிலிருந்து எண்களைப் பொறுக்கிக்கொள்ள.

தனிச் சாவியைக் காக்கும் கடவுத்தொடர் பற்றிச் சொல்லும் இடம் தமிழ் வாசகருக்குக் கூடுதல் கவனம் கேட்பது. நீளமாக, நினைவில் நிற்கும்படி ஒரு தொடர் வேண்டும் என்றதும் பெரும்பாலான கை தானாகத் திரைப்பாடலின் பல்லவியை எழுதும். ஊரே பாடும் வரி ஊரே யூகிக்கும் வரி. இதற்கு ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-ல் சொன்ன வழி அழகானது. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் எண் வரும், அந்த எண்ணுக்குரிய சொல்லைப் பட்டியலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் 7776 சொற்கள், ஆறை ஐந்து முறை பெருக்கினால் வரும் எண். ஆறேழு சொற்களை இப்படிச் சேர்த்தால் அர்த்தமில்லாத, ஆனால் சொல்லிச் சொல்லி மனதில் ஏறிவிடும் ஒரு தொடர் கிடைக்கும். நாலு முகத் தாயக்கட்டை இதற்கு ஆகாது, ஆறு முகப் பகடையே வேண்டும் என்று தமிழ்க் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்.

தமிழில் எழுதும்போது இன்னும் சில தேர்வுகள் வரும். 'சொடுக்கவும்', 'உள்ளிடவும்' என்று அரசுப் படிவக் குரலில் போவதா, 'அழுத்துங்கள்', 'எழுதுங்கள்' என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதா? பயந்து வரும் ஒருவருக்கு இரண்டாவதே ஆறுதல். திரையில் 'செண்ட்' என்று ஆங்கிலத்தில் இருக்கும் பொத்தானைக் கையேடு 'அனுப்புக' என்று மொழிபெயர்த்துச் சொன்னால் வாசகர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். திரையில் உள்ளது உள்ளபடி வர வேண்டும், விளக்கம் மட்டும் தமிழில்.

விரைவுக் கையேட்டின் ஆயுள் குறைவு. எழுதியவர்கள் அதைத் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். 2018 மே மாதம் 'இஃபெயில்' என்ற பலவீனத்தை ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூட்டிய கடிதத்தைச் சாமர்த்தியமாகத் திருத்தி அனுப்பினால், பெறுகிறவரின் அஞ்சல் நிரலே அதைத் திறந்து, வெளியிலிருந்து படம் ஒன்றைக் கொண்டுவரும் சாக்கில் உள்ளே இருப்பதைக் கசியவிட்டுவிடும். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அந்த நேரத்தில் செய்த காரியம் மெச்சத்தக்கது. பல ஆண்டு பி.ஜி.பி.யை நிறுவச் சொல்லித் தந்தவர்கள், அதைத் தற்காலிகமாக எப்படி நீக்குவது என்று அஞ்சல் நிரல் வாரியாகப் படிப்படியான குறிப்புகளை உடனே எழுதிக் கொடுத்தார்கள். நிறுவும் குறிப்பில் காட்டிய அதே பொறுமை நீக்கும் குறிப்பிலும் இருந்தது.

2020-ல் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலின் 78-ஆம் பதிப்பு வந்தபோது இன்னொரு புரட்டல். அதுவரை 'எனிக்மெயில்' என்ற செருகுநிரலைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. ஒவ்வொரு கையேட்டிலும் அதற்கென்று படங்களும் அம்புக்குறிகளும் இருந்தன. புதிய தண்டர்பேர்டில் அந்த வேலை உள்ளேயே வந்துவிட்டது. பழைய திரைப்பிடிப்புகள் எல்லாம் ஒரே நாளில் பொய்யாகிவிட்டன. பாஸ்டன்காரர்கள் கையேட்டை மாற்றி எழுதினார்கள். நிறுவும் படி மாறியது, படங்கள் மாறின, பொத்தான்களின் இடம் மாறியது. எட்வர்டோடு எழுதிப் பழகும் படி மட்டும் மாறாமல் நின்றது. சாவியை அனுப்புங்கள், பூட்டி எழுதுங்கள், காத்திருங்கள்.

காத்திருப்பு முடிந்து எட்வர்டின் பதில் வந்து, தண்டர்பேர்ட் அதைத் திறந்து காட்டுகிறது. இடம் வலம் தெரியாத எழுத்துக் குவியலாக வந்தது வாசிக்கக்கூடிய வரிகளாக நிற்கிறது. அதற்குப் பிறகு இயந்திரத்துக்கு எழுத எதுவும் இல்லை. கையேட்டின் கடைசிப் பகுதி, இதைப் புதியவர்களிடம் கொண்டுபோங்கள் என்கிறது. நாற்பது நிமிடம் செலவிடத் தயாராக இருக்கும் ஒரு நண்பரின் பெயரை யோசித்தபடி, வாசகர் புதிய கடிதம் ஒன்றைத் திறக்கிறார். முதல் கடிதம் பூட்டாமல்தான் போகும். நண்பரிடம் இன்னும் சாவி இல்லை.